கோஸ், ப்ரோக்கோலி, கடுகுல இருக்கிற கந்தகச் சரக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ப்ரோக்கோலில சல்ஃபோராஃபேன் இருக்கு, நிறைய சாப்பிடுங்க"ன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா வெட்டாம கொள்ளாம முழுசா இருக்கிற ப்ரோக்கோலில அந்த கந்தகச் சேர்மம் கிட்டத்தட்ட கிடையாது. நீங்க வெட்டும்போது, கடிக்கும்போதுதான் அது உருவாகுது. இந்த ஒரு விஷயம் புரிஞ்சா மத்த கேள்விகளுக்கு பாதி பதில் தானா கிடைச்சுடும், அதனாலதான் முதல்லயே சொல்லிடறேன்.

முதல்ல, இதுக்கு மூலமா காய்ல இருக்கிற கந்தகப் பொருள்னா என்ன? எந்தெந்த காய்ல இருக்கு?

பேரு குளுக்கோசினோலேட். ஒரு சர்க்கரை மூலக்கூறு, அதோட கந்தகத்தால ஒட்டின ஒரு நடுப்பகுதி, இன்னொரு பக்கம் ஒரு சல்ஃபேட், அந்த நடுப்பகுதில இருந்து ஒரு வால் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற பக்கச் சங்கிலி. இவ்வளவுதான் அமைப்பு. ஒவ்வொண்ணுலயும் கந்தக அணு குறைஞ்சது ரெண்டு இருக்கும், சிலதுல மூணு. அந்த வால் மாறினா பேரும் மாறும் குணமும் மாறும், அப்படி 130 வகைக்கு மேல கண்டுபிடிச்சிருக்காங்க.

கோஸ் குடும்பம்னா முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி, நூல்கோல், கேல், ப்ரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸ். இதுல வேடிக்கை என்னன்னா இந்த ஆறும் தாவரவியல்படி ஒரே இனம், மனுஷன் ஒண்ணுல இலைய பெருசாக்கினான், ஒண்ணுல பூவ, ஒண்ணுல தண்ட. இதுக்கு சித்தப்பா பெரியப்பா பசங்க முள்ளங்கி, டர்னிப், பாக் சாய், கடுகு, அருகுலா, வாட்டர்கிரெஸ், ஹார்ஸ்ராடிஷ், வசாபி. கொஞ்சம் தூரத்துச் சொந்தத்துல முருங்கையும் பப்பாளியும் வரும். பப்பாளி விதைய கடிச்சுப் பாத்தா கடுகு மாதிரி சுள்ளுனு இருக்கும்ல, அது இந்த சொந்தத்தாலதான்.

ப்ரோக்கோலில முக்கியமானது குளுக்கோராஃபானின், சல்ஃபோராஃபேன் உருவாகுறது இதுல இருந்துதான். கருங்கடுகுலயும் ஹார்ஸ்ராடிஷ்லயும் சினிக்ரின். வாட்டர்கிரெஸ்ல குளுக்கோநாஸ்டர்டீன். கோஸ் குடும்பத்துல நிறைய இடத்துல குளுக்கோபிராசிசின்னு ஒண்ணு. பேரெல்லாம் மனப்பாடம் பண்ண வேணாம், ஒவ்வொரு காயும் ஒரு கலவைன்னு தெரிஞ்சா போதும்.

அப்போ கடுகோட காரம் இதுதானா?

இல்ல, இது காரத்தோட மூலப்பொருள் மட்டும்தான். குளுக்கோசினோலேட்டுக்கு காரம் கிடையாது, சிலது கசக்கும், அவ்வளவுதான்.

செடிக்குள்ள ரெண்டு சரக்கு தனித்தனி அறைல இருக்கு. ஒரு வகை செல்லுல குளுக்கோசினோலேட், வேற செல்லுல மைரோசினேஸ்ங்கிற என்சைம். இலை முழுசா இருக்கிற வரைக்கும் ரெண்டும் சந்திக்காது. கத்தி படுது, பல்லு படுது, புழு கடிக்குது, செல் சுவர் உடையுது, ரெண்டும் கலக்குது. மைரோசினேஸ் முதல்ல அந்த சர்க்கரைய வெட்டி விடும், மிச்சம் இருக்கிறது நிலையா நிக்காது, தானே சல்ஃபேட்ட உதறிட்டு உருமாறி ஐசோதயோசயனேட் ஆயிடும். கண்ணுல தண்ணி வர வைக்கிற அந்த காரம் இதுதான். சல்ஃபோராஃபேனும் ஒரு ஐசோதயோசயனேட்தான். ஆராய்ச்சி பண்றவங்க இதுக்கு "கடுகெண்ணெய் வெடிகுண்டு"ன்னு பேரு வச்சிருக்காங்க, நல்ல பேருதான்.

கடுகை அப்படியே மோந்து பாருங்க, ஒண்ணுமே இருக்காது. தூளாக்கி பச்சத்தண்ணி விட்டு பத்து நிமிஷம் வையுங்க, மூக்குல ஏறும். அதே தூள்ல கொதிக்கிற தண்ணிய ஊத்தினா என்சைம் செத்துடும், காரம் வராது. சூடான எண்ணெயில வெடிச்ச கடுகுல வாசனை இருக்கு ஆனா அந்த மூக்குல ஏறுற காரம் இல்லாததும் இதே காரணம்தான். சினிக்ரினையும் இந்த என்சைமையும் கடுகுல இருந்து பிரிச்சுக் காட்டினது 1840ல, புஸ்ஸின்னு ஒரு பிரெஞ்சு வேதியியல்காரர்.

செடி எதுக்கு இவ்வளவு கஷ்டப்படுது?

நமக்காக இல்ல, பூச்சிய விரட்டத்தான். ஆனா பூச்சிங்க அதைவிட கில்லாடி. கோஸ் வெள்ளைப் பட்டாம்பூச்சியோட புழு தன் குடல்ல ஒரு புரதம் வச்சிருக்கு, அது வேதிவினைய திசைமாத்தி ஐசோதயோசயனேட்டுக்கு பதிலா விஷம் கம்மியான நைட்ரைல் ஆக்கிடும். வைரமுதுகு அந்துப்பூச்சியோட புழு இன்னும் மோசம், சல்ஃபேட்ட முன்கூட்டியே கழட்டிடும், அப்புறம் மைரோசினேஸால ஒண்ணும் பண்ண முடியாது, வெடிகுண்டுல திரிய புடுங்கின கதை. கோஸ் அசுவினி எல்லாத்தையும் மிஞ்சி, செடியோட குளுக்கோசினோலேட்ட தன் உடம்புல சேத்து வச்சுக்கிட்டு சொந்தமா ஒரு மைரோசினேஸும் தயார் பண்ணிக்குது, அத நசுக்கினா அதுவே வெடிக்கும். எனக்கு இந்த மொத்த சப்ஜெக்ட்லயே பிடிச்ச பகுதி இதுதான், உடம்புக்கு நல்லதா கெட்டதாங்கிறதெல்லாம் அப்புறம்.

சல்ஃபோராஃபேனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?

1992ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல பால் டலாலே குழு ப்ரோக்கோலில இருந்து இதப் பிரிச்செடுத்து, செல்லுக்குள்ள நச்சுநீக்குற என்சைம்கள தூண்டுறதுல இது ரொம்ப வலுவானதுன்னு காட்டினாங்க. 1997ல அதே குழு இன்னொரு விஷயம் சொன்னாங்க, மூணு நாள் வயசான ப்ரோக்கோலி முளைல வளந்த ப்ரோக்கோலிய விட 10லிருந்து 100 மடங்கு வரைக்கும் குளுக்கோராஃபானின் இருக்குன்னு. அதுக்கப்புறம்தான் முளை, மாத்திரை, பவுடர்னு மார்க்கெட் கிளம்புச்சு.

மத்த ஐசோதயோசயனேட்டெல்லாம் மட்டம்னு அர்த்தம் இல்ல. அதிகமா ஆராய்ச்சி நடந்தது இதுல, அதனால அதிகமா பேசுறோம்.

சரி, வாயில போட்டதுக்கு அப்புறம் என்ன நடக்குது? உடம்பு எப்படி உறிஞ்சுது?

இங்க ரெண்டு பாதை இருக்கு, எது உங்களுக்கு நடக்குதுங்கிறது காய் எந்த நிலைமைல வயித்துக்குள்ள போச்சுங்கிறத பொறுத்தது.

முதல் பாதை, மைரோசினேஸ் உயிரோட இருக்கிற காய். பச்சையாவோ லேசா வெந்தோ இருக்கு, நல்லா மென்னு சாப்பிடுறீங்க. வாயிலயே, வயித்துலயே ஐசோதயோசயனேட் உருவாக ஆரம்பிச்சுடும். இது சின்ன மூலக்கூறு, கொழுப்புல கரையும், அதனால சிறுகுடல் சுவர் செல்லுக்குள்ள ஈசியா நுழைஞ்சுடும், இதுக்குன்னு தனி வாசல் எதுவும் தேவையில்ல. செல்லுக்குள்ள போனதும் குளுட்டாதயோன்ங்கிற பொருள் அத பிடிச்சுக்கும், அதுவும் கந்தகம் உள்ளதுதான். இந்தப் பிடிப்பால வெளிய இருக்கிறத விட செல்லுக்குள்ள பல மடங்கு சேந்துடும். அப்புறம் ரத்தத்துக்கு போகும், கல்லீரல் சிறுநீரகம்னு போற வழில குளுட்டாதயோன் வால் கொஞ்சம் கொஞ்சமா வெட்டுப்பட்டு, கடைசில மெர்காப்ட்யூரிக் அமிலம்ங்கிற வடிவத்துல மூத்திரத்துல வெளிய போகும். பெரும்பகுதி ஒரு நாளுக்குள்ள போயிடும். யாரு எவ்வளவு உறிஞ்சினாங்கன்னு கண்டுபிடிக்க ஆராய்ச்சில மூத்திரத்த அளக்குறதும் இதனாலதான்.

ரெண்டாவது பாதை, நல்லா வெந்த காய், என்சைம் செத்துடுச்சு. குளுக்கோசினோலேட் அப்படியே சிறுகுடல தாண்டி பெருங்குடலுக்கு போகும். அது பெருசு, தண்ணில கரையுற வகை, மின்னேற்றம் வேற இருக்கு, அதனால சிறுகுடல் சுவர்ல ரொம்ப நுழையாது. பெருங்குடல்ல இருக்கிற பாக்டீரியாங்க அத உடைச்சு கொஞ்சம் ஐசோதயோசயனேட் ஆக்கும், கொஞ்சத்த வேற எதாவது ஆக்கிடும். பலன் கம்மி, வர்றதும் லேட்.

எவ்வளவு வித்தியாசம்னா, நெதர்லாந்துல 8 ஆண்களுக்கு 200 கிராம் ப்ரோக்கோலிய ஒரு தடவ பச்சையாவும் ஒரு தடவ வேகவச்சும் குடுத்து அளந்தாங்க. பச்சைல 37 சதவீதம் உடம்புக்குள்ள போச்சு, வெந்ததுல 3.4 சதவீதம்தான். ரத்தத்துல உச்சத்துக்கு வர பச்சைக்கு சுமார் 1.6 மணி நேரம், வெந்ததுக்கு 6 மணி நேரம். இந்த 6 மணி நேரத்த பாத்தாலே தெரியும், வேலை பெருங்குடல்லதான் நடந்திருக்கு.

அப்போ பச்சையாத்தான் சாப்பிடணுமா? சமைச்சா எல்லாம் வேஸ்ட்டா?

இல்லவே இல்ல. பச்சைலயும் ஒரு சிக்கல் இருக்கு, யாரும் அதப் பத்தி பேசறதில்ல.

ப்ரோக்கோலில மைரோசினேஸ் கூடவே எபிதயோஸ்பெசிஃபையர்னு ஒரு புரதம் இருக்கு. இது சும்மா இருக்காது, சல்ஃபோராஃபேன் ஆக வேண்டியதுல பெரிய பங்க நைட்ரைல் பக்கம் தள்ளிவிட்டுடும், அந்த நைட்ரைலால நமக்கு பெருசா பிரயோஜனம் இல்ல. ஆனா இந்த புரதத்துக்கு சூடு தாங்காது. 60 டிகிரி செல்சியஸ்ல அஞ்சு பத்து நிமிஷம் வச்சா இது செயலிழந்துடும், மைரோசினேஸ் இன்னும் பிழைச்சிருக்கும், அதனால சல்ஃபோராஃபேன் பச்சையில வர்றத விட அதிகமாவே வரும். 70க்கு மேல போக ஆரம்பிச்சா மைரோசினேஸும் காலி. அதாவது இடைல ஒரு சின்ன ஜன்னல் இருக்கு. வீட்ல யாரும் தெர்மாமீட்டர் வச்சு சமைக்க மாட்டாங்க, அதனால நடைமுறைல சொல்லணும்னா ஆவில ரெண்டு மூணு நிமிஷம், நிறம் பளிச்சுனு பச்சையா மாறி கடிச்சா இன்னும் நறுக்குனு இருக்கணும். அதோட இறக்கிடுங்க.

தண்ணில போட்டு கொதிக்க வைக்கிறதுதான் இருக்கிறதுலயே மோசம். என்சைமும் சாகுது, குளுக்கோசினோலேட்டும் தண்ணில கரைஞ்சு போகுது, அப்புறம் அந்த தண்ணிய கொட்டிடுறோம். சூப்பா குடிச்சா கரைஞ்சது போகாது, என்சைம் மட்டும் போச்சு. மைக்ரோவேவ்ல தண்ணி நிறைய ஊத்தி ரொம்ப நேரம் வச்சா வேகவச்ச கதைதான், கொஞ்சமா தண்ணி தெளிச்சு கொஞ்ச நேரம் வச்சா பரவால்ல.

வெட்டி கொஞ்ச நேரம் வச்சுட்டு சமைக்கணும்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான், லாஜிக்கும் சிம்பிள். என்சைம் சாகுறதுக்கு முன்னாடி அதோட வேலைய முடிக்க டைம் குடுக்குறோம். உருவான சல்ஃபோராஃபேன் சூட்டுல கொஞ்சம் போகும், எல்லாம் போகாது. சீனாவுல பண்ண ஒரு சோதனைல ப்ரோக்கோலிய 2 மில்லிமீட்டர் அளவுக்கு பொடியா நறுக்கி 90 நிமிஷம் வச்சு அப்புறம் வதக்கினப்போ, வெட்டின உடனே வதக்கினத விட 2.8 மடங்கு சல்ஃபோராஃபேன் இருந்துச்சு. 90 நிமிஷம் யாருக்கு நேரம் இருக்குன்னு நீங்க கேக்குறது காதுல விழுது. காய முதல்ல நறுக்கி ஓரமா வச்சுட்டு மத்த வேலையெல்லாம் முடிச்சுட்டு வாங்க, அரை மணி நேரம் தானா ஓடிடும், வெறும் வெட்டு வரிசைய மாத்தினாலே போதும்.

பெரிய பெரிய துண்டா போட்டுட்டு காத்திருந்தா பிரயோஜனம் கம்மி, ஏன்னா உடைஞ்ச செல் வெட்டுமுகத்துல மட்டும்தான் இருக்கு. முள்ளங்கிய துண்டா கடிச்சா ஒரு காரம், துருவினா வேற காரம், இதுவும் அதே கணக்குதான்.

ஃப்ரோசன் ப்ரோக்கோலி வாங்குறேன், அதுல?

பாக்கெட்ல அடைக்கிறதுக்கு முன்னாடி நிறமும் ருசியும் கெடாம இருக்க சூடான தண்ணில இல்லன்னா ஆவில போட்டு எடுப்பாங்க, அதுலயே மைரோசினேஸ் போயிடுது. குளுக்கோராஃபானின் இருக்கும், அத உடைக்க ஆள் இருக்காது. வெட்டி எத்தன மணி நேரம் வச்சாலும் ஒண்ணும் நடக்காது. வழி இருக்கு, அடுத்த கேள்வி.

கடுகுத்தூள் தூவினா சரியாயிடும்ங்கிறாங்க, நெஜமா?

நெஜம். இந்தப் பக்கத்துல ஒரே ஒரு டிப்ஸ்தான் எடுத்துக்குவேன்னு நீங்க சொன்னா நான் இதத்தான் சொல்லுவேன்.

ஒரு காய்ல என்சைம் செத்துப் போனா வேற காய்ல இருந்து கடன் வாங்கலாம், மைரோசினேஸுக்கு யாரோட குளுக்கோசினோலேட்டுங்கிற பாகுபாடெல்லாம் பெருசா கிடையாது. 12 பேருக்கு 200 கிராம் வெந்த ப்ரோக்கோலிய வெறுமனவும் குடுத்து, 1 கிராம் கடுகுத்தூள் சேத்தும் குடுத்து பாத்தாங்க, கடுகு சேத்தப்போ உடம்புல சேந்த சல்ஃபோராஃபேன் நாலு மடங்குக்கு மேல. பச்சை முள்ளங்கி துருவல், அருகுலா, பச்சை கோஸ் கொஞ்சம் கூட சாப்பிட்டாலும் இதே உதவி கிடைக்கும்.

முக்கியமா கவனிக்க வேண்டியது, தூளை காய் வெந்து இறக்கி சூடு குறைஞ்சதுக்கு அப்புறம்தான் தூவணும். அடுப்புல இருக்கும்போது போட்டா அதுவும் செத்துடும். கடுகு வறுக்காததா இருக்கணும். வறுத்து அரைச்சதுல மணம் மட்டும்தான் மிச்சம்.

குடல் பாக்டீரியா எவ்வளவு உதவும்?

ஆளப் பொறுத்தது. என்சைம் இல்லாம வெறும் குளுக்கோராஃபானின் குடுத்து பாத்தா சராசரியா 10 சதவீதம் பக்கம் மாறுது, ஆனா ஆளுக்கு ஆள் 1 சதவீதத்துல இருந்து 40 சதவீதம் வரைக்கும் போகுது. மைரோசினேஸோட சேத்து குடுத்தா சராசரி 35, 40க்கு ஏறும், ஆளுக்கு ஆள் வித்தியாசமும் குறையும். நேரடியா சல்ஃபோராஃபேனாவே குடுத்தா 70ல இருந்து 90 வரைக்கும்.

பாக்டீரியாதான் இந்த வேலைய பண்ணுதுங்கிறதுக்கு நேரடியான சாட்சி ஒண்ணு இருக்கு. 1998ல, ஆன்டிபயாடிக் குடுத்து குடலையும் சுத்தம் பண்ணின பிறகு, என்சைம் செத்த ப்ரோக்கோலி முளைய குடுத்து பாத்தாங்க, மூத்திரத்துல வர்றது ஏறக்குறைய ஒண்ணுமில்லாம போச்சு. எந்த பாக்டீரியான்னு பாத்தா பாக்டீராய்ட்ஸ் தீட்டாஅயோட்டாமைக்ரான்னு வாயில நுழையாத பேருள்ள ஒண்ணு இதுக்கான மரபணுவையே வச்சிருக்கு, இன்னும் சில இனங்களும் பண்ணுது. அதனால ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடிச்ச கொஞ்ச நாளைக்கு நல்லா வெந்த கோஸ்ல இருந்து கிடைக்கிறது இன்னும் கம்மியா இருக்கும்னு எடுத்துக்கலாம்.

உள்ள போய் என்னதான் பண்ணுது?

செல்லுக்குள்ள என்ஆர்எஃப்2 ன்னு ஒரு புரதம் இருக்கு, அத கீப்1 னு இன்னொரு புரதம் பிடிச்சு வச்சு விடாம அழிச்சுக்கிட்டே இருக்கும். சல்ஃபோராஃபேன் போய் கீப்1ல இருக்கிற கந்தக நுனிகள்ல ஒட்டிக்கும், பிடி தளரும், என்ஆர்எஃப்2 தப்பிச்சு நியூக்ளியஸுக்குள்ள போய் ஒரு பெரிய பட்டியல் மரபணுக்கள முடுக்கிவிடும், நச்சுநீக்குற என்சைம், குளுட்டாதயோன் தயாரிக்கிற என்சைம் எல்லாம் கூடும். இங்க ஒரு தப்பான எண்ணத்த சரி பண்ணணும், சல்ஃபோராஃபேன் நேரடியா ஆக்சிஜனேற்றத்த தடுக்கிற பொருள் இல்ல. உடம்பு அத ஒரு லேசான விஷமாத்தான் பாக்குது, உடனே தன் பாதுகாப்ப ஏத்துது. சத்தம் கேட்டு காவலாளி முழிச்சுக்கிற மாதிரி. அது சில மணி நேரத்துல ரத்தத்துல இருந்து போயிட்டாலும் முழிச்சுக்கிட்ட என்சைம்கள் அதைவிட ரொம்ப நேரம் வேலை பார்க்கும்.

குளுக்கோபிராசிசின் வேற கதை. அது உடைஞ்சா இன்டோல்-3-கார்பினால், அது வயித்து அமிலத்துல ஒண்ணோட ஒண்ணு சேந்து டிஐஎம்ங்கிற பொருளாகும். இது ஈஸ்ட்ரோஜன் உடைபடுற விதத்த மாத்துதுன்னு காட்டியிருக்காங்க, அதனால ஹார்மோன் மாத்திரை எடுக்கிறவங்க டிஐஎம் கேப்ஸ்யூல் சாப்பிடுறதுக்கு முன்னாடி டாக்டர்ட்ட கேளுங்க. காய் சாப்பிட கேட்க வேணாம்.

கேன்சர் வராதா அப்போ?

அப்படி யாராவது உறுதியா சொன்னா நம்பாதீங்க. ஆய்வகச் செல்லுலயும் எலியிலயும் நல்ல பலன் வந்திருக்கு. மனுஷங்கள்ல, இந்தக் காய் நிறைய சாப்பிடுறவங்களுக்கு சில புற்றுநோய் குறைவுன்னு சில கணக்கெடுப்புல வருது, சிலதுல வரல, அவங்க மத்த பழக்கமும் நல்லா இருக்கலாம்ல.

உருப்படியா அளந்தது ஒண்ணு சொல்றேன். சீனாவுல சீடோங்ங்கிற, காத்து மாசு அதிகமான ஊர்ல 291 பேருக்கு 12 வாரம் ப்ரோக்கோலி முளை பானம் குடுத்தாங்க. பென்சீன்ங்கிற புகை நச்சு உடம்புல இருந்து வெளியேறுறது 61 சதவீதம் கூடுச்சு, அக்ரோலின்ங்கிற இன்னொரு புகை நச்சு 23 சதவீதம். உடம்பு நச்ச வேகமா வெளிய தள்ளுச்சுங்கிறதுக்கு இது ஆதாரம், கேன்சர் தடுக்கப்பட்டுச்சுங்கிறதுக்கு இல்ல. இந்த ரெண்டையும் போட்டு குழப்பித்தான் பாதி விளம்பரமே ஓடுது. ட்ரீட்மென்ட்ல இருக்கிறவங்க மருந்துக்கு பதிலா இதப் பிடிச்சுக்கிட்டா அது ஆபத்து.

தைராய்டு இருக்கு, கோஸ் தொடவே கூடாதாமே?

அதிகமா கேட்கப்படுற கேள்வி, அதிகமா பயமுறுத்தப்படுற கேள்வியும் இதுதான்.

பயம் எங்க இருந்து வந்துச்சுன்னா 1928ல, அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ்லதான், வேற ஏதோ ஆராய்ச்சிக்காக வளத்த முயலுங்களுக்கு முழுக்க முழுக்க கோஸ் போட்டு வளத்தாங்க, அதுங்களுக்கு கழுத்துக் கழலை வந்துடுச்சு. அப்புறம் 1949ல ஆஸ்ட்வுட் குழு டர்னிப்ல இருந்து காய்ட்ரின்னு ஒரு பொருள பிரிச்சாங்க, அது தைராய்டு ஹார்மோன் உருவாகுறத தடுக்குது. இது ப்ரோகாய்ட்ரின்ங்கிற குளுக்கோசினோலேட்ல இருந்து வருது. இன்னொரு வழில தயோசயனேட்டுன்னு ஒண்ணு உருவாகி அயோடின் தைராய்டுக்குள்ள போறதுக்கு போட்டி போடும். ரெண்டும் உண்மைதான்.

ஆனா அளவு. 150 கிராம் வெந்த ப்ரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸ தினமும் நாலு வாரம் சாப்பிட வச்சு பாத்தாங்க, தைராய்டு அளவுகள்ல மாற்றமே இல்ல. எதிர்ப்பக்கம், 88 வயசு பாட்டி ஒருத்தர் தினமும் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ வரைக்கும் பச்சை பாக் சாய பல மாசம் சாப்பிட்டு தைராய்டு அடியோட படுத்து மயக்க நிலைல ஆஸ்பத்திரிக்கு வந்தது மருத்துவ இதழ்ல பதிவாகியிருக்கு. ஒன்றரை கிலோ, பச்சையா, தினமும்! நீங்களும் நானும் சாப்பிடுற அளவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

அதனால, அயோடின் உப்பு சேத்துக்கிறவங்க, சாதாரண அளவுல, சமைச்சு சாப்பிட்டா கவலைப்பட வேணாம், சமைக்கும்போது காய்ட்ரின் உருவாகுறதும் குறையும். பச்சை கேல், பச்சை கோஸ் ஜூஸ தினமும் பெரிய டம்ளர்ல குடிக்கிற பழக்கம் இருந்து அயோடினும் கம்மியா எடுத்துக்கிட்டா அப்போ டாக்டர்ட்ட பேசணும். தைராய்டு மாத்திரைய வெறும் வயித்துல சொன்ன நேரத்துல போடுறதுல காட்டாத அக்கறைய கோஸ் மேல காட்டுறவங்க நிறைய பேர், அதான் எனக்கு சிரிப்பு.

ரொம்ப வெந்தா ஏன் அப்படி நாறுது? கேஸ் வேற வருதே?

ரெண்டும் வேற வேற. வேகும்போது வர்ற நாத்தத்துக்கு பெரிய காரணம் குளுக்கோசினோலேட் கூட இல்ல, எஸ்-மெத்தில் சிஸ்டீன் சல்ஃபாக்சைடுங்கிற இன்னொரு கந்தகச் சரக்கு. கோஸ்ல இது நிறையவே இருக்கு, நேரம் ஆக ஆக சூட்டுல உடைஞ்சு டைமெத்தில் சல்ஃபைடு மாதிரி ஆவிகளா வரும், ஹைட்ரஜன் சல்ஃபைடும் வரும், அழுகின முட்டை வாசனை அதுதான். கம்மி நேரம் சமைங்க, மூடிய கொஞ்சம் திறந்து வையுங்க. மாடு ஆடுக்கு கேல நிறைய போட்டா ரத்தசோகை வர்றதும் இந்த சரக்காலதான், அதுங்க அசைபோடுற வயித்துல பாக்டீரியா இத வேற ஒரு நச்சா மாத்திடுது.

கேஸ் பெரும்பாலும் ராஃபினோஸ் மாதிரி நம்மால செரிக்க முடியாத சர்க்கரையாலயும் நார்ச்சத்தாலயும், பெருங்குடல்ல பாக்டீரியா அத புளிக்க வைக்கிறதால. கந்தகம் அந்த கேஸுக்கு வாசனை குடுக்குது, அளவ கூட்டுறது சர்க்கரையும் நாரும். கொஞ்சமா ஆரம்பிச்சு மெதுவா கூட்டினா பல பேருக்கு பழகிடும்.

ஒருத்தருக்கு கசக்குது, இன்னொருத்தர் நல்லா இருக்குங்கிறார், யார் பொய்?

ரெண்டு பேரும் உண்மைதான். டிஏஎஸ்2ஆர்38 னு ஒரு கசப்பு உணர் மரபணு, அதோட வகை ஆளுக்கு ஆள் மாறும். 1931ல ஆர்தர் ஃபாக்ஸ்ங்கிறவர் ஆய்வகத்துல பிடிசிங்கிற பொடிய கொட்டிட்டார், பக்கத்துல இருந்தவருக்கு வாயெல்லாம் கசந்துச்சு, இவருக்கு ஒண்ணுமே தெரியல, அங்க ஆரம்பிச்ச கதை. பிள்ளைங்க கோஸ் வேணாம்னு அடம் பிடிச்சா எப்பவும் திமிர்னு நினைக்காதீங்க.

நான் சாப்பிட்டது எனக்கு வேலை செய்யுதான்னு மரபணுவுல தெரியுமா?

கொஞ்சம். ஐசோதயோசயனேட்ட குளுட்டாதயோனோட ஒட்ட வைக்கிற என்சைம்ல ஒண்ணு ஜிஎஸ்டிஎம்1. பல மக்கள் கூட்டத்துல ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த மரபணுவே கிடையாது. அவங்களுக்கு நல்லதா கெட்டதான்னு முடிவுகள் ஒண்ணுக்கொண்ணு முரணா வந்திருக்கு, டெஸ்ட் எடுத்து காச செலவு பண்ற அளவுக்கு இல்ல.

சல்ஃபா மருந்து அலர்ஜி இருக்கு, கோஸ் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். சல்ஃபா மருந்துங்கிறது சல்ஃபோனமைடுங்கிற ஒரு குறிப்பிட்ட அமைப்பு, கந்தகம்ங்கிற தனிமத்துக்கு யாருக்கும் அலர்ஜி வராது, அது நம்ம தசைலயும் முடிலயும் இருக்கு. கடுகு அலர்ஜி மட்டும் தனி, அது விதைல இருக்கிற புரதத்தால வர்றது, தீவிரமாவே வரலாம், அப்படி இருக்கிறவங்க மேல சொன்ன கடுகுத்தூள் டிப்ஸ மறந்துடுங்க.

உடம்புக்கு வேணும்ங்கிற கந்தகம் இதுலேர்ந்து கிடைக்குமா?

அது மெத்தியோனின், சிஸ்டீன்ங்கிற அமினோ அமிலங்கள்ல இருந்து, அதாவது புரத உணவுல இருந்து வருது. இது சத்துக் கணக்குல சேராது.

ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுக்கிறேன்?

அங்க பிரச்சினை கந்தகம் இல்ல, வைட்டமின் கே. கேல், ப்ரோக்கோலி, ப்ரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸ்ல நிறைய இருக்கு, மருந்தோட வேலைய குறைக்கும். நிறுத்தணும்னு இல்ல, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்க, திடீர்னு கூட்டவோ குறைக்கவோ வேணாம், மாத்தணும்னா டாக்டர்ட்ட சொல்லிட்டு மாத்துங்க.

மாத்திரை வாங்கலாமா?

டப்பால எழுதியிருக்கிறத பாருங்க. வெறும் குளுக்கோராஃபானின்னு போட்டிருந்தா நீங்க உங்க பாக்டீரியாவ நம்பி காசு போடுறீங்க, அந்த 1 சதவீத ஆளா 40 சதவீத ஆளான்னு உங்களுக்கே தெரியாது. மைரோசினேஸும் சேந்திருந்தா கொஞ்சம் நம்பலாம். வைட்டமின் சி இருந்தா மைரோசினேஸ் இன்னும் சுறுசுறுப்பா வேலை செய்யும், சிலர் அதையும் சேக்குறாங்க. நேரடி சல்ஃபோராஃபேன் நிலையா நிக்காத பொருள், சாதாரண தூளா வச்சா நாளாக நாளாக போயிடும், அதனால எப்படி பாதுகாத்திருக்காங்கன்னு கேளுங்க. என் கருத்த கேட்டா காயும் ஒரு சிட்டிகை கடுகுத்தூளும் இருக்கும்போது மாத்திரை எதுக்கு.

முளை கட்டி சாப்பிடலாமா?

சத்து விஷயத்துல முளைக்கு ஈடு இல்ல, ஆனா ஈரமும் வெதுவெதுப்பும் சால்மோனெல்லாவுக்கும் ஈ.கோலைக்கும் ரொம்ப பிடிக்கும், விதைலயே கிருமி இருந்தா முளைக்கும்போது பல மடங்கு பெருகும், கழுவினா போகாது. கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைங்க, வயசானவங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க பச்சை முளை வேணாம். மத்தவங்க உணவுக்குன்னு விக்கிற விதைய மட்டும் வாங்குங்க, வயல்ல விதைக்க வச்சிருக்கிற மருந்து தடவின விதைய வாங்கி முளை கட்டிடாதீங்க.

கடைசியா ஒண்ணு, உலகப்போர்ல போட்ட கடுகு வாயு இந்த கடுகுல இருந்து எடுத்ததா?

இல்ல. அது தொழிற்சாலைல தயாரிச்ச வேற ஒரு கந்தகப் பொருள், ஐசோதயோசயனேட்டே கிடையாது. சுத்தமில்லாத சரக்குல கடுகு மாதிரி வாடை அடிச்சதால அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு, பாவம் கடுகு.